புகுந்த வீடுகள்

ஊருக்குப் போகும்போது வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது நமக்குப் பழக்கம். எதிர்வீட்டுக்காரர் அந்தச் சாவியை அதிகம் பயன்படுத்தமாட்டார் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உட்பொருள். துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவார். தபால்காரர் ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டுப் போனதை எடுத்து வைப்பார். அடுக்களைப் பக்கம் போகமாட்டார். பூட்டிய வீடு நாம் திரும்பி வரும்வரை, போனபோது இருந்தபடியே நமக்காகக் காத்திருக்க வேண்டும். வந்து கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்த அடைபட்ட காற்றின் வாசனையை, நம் வீடு நமக்கு விசுவாசமாக இருந்ததற்கான சான்றாகவே எடுத்துக்கொள்கிறோம்.

இதற்கு நேர்மாறான ஓர் ஏற்பாடு உலகில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவருகிறது. முன்பின் பழகாத இரு குடும்பங்கள் விடுமுறைக்காகத் தங்கள் வீடுகளை மாற்றிக்கொள்கின்றன. அவர்கள் இங்கே, இவர்கள் அங்கே. வாடகை கிடையாது. அவர்கள் கட்டிலில் இவர்கள் உறங்குகிறார்கள், இவர்கள் அடுப்பில் அவர்கள் சமைக்கிறார்கள். 1953இல் சுவிட்சர்லாந்தையும் நெதர்லாந்தையும் சேர்ந்த பள்ளி ஆசிரியர்கள் சிலர் இதற்கென்று இன்டர்வாக் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஆசிரியர்கள் தொடங்கியதில் வியப்பில்லை. நீண்ட கோடை விடுமுறையும் அதில் ஊர் சுற்றப் போதாத சம்பளமும் ஒருசேர வாய்த்தவர்கள் அவர்கள்தானே. வீட்டு விவரங்களை அச்சிட்ட பட்டியல்கள் தபாலில் போய்வந்த காலம் அது. 1992இல் எட் குஷின்ஸ் என்ற அமெரிக்கர் ஹோம் எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் இணையம் வந்து அந்தப் பட்டியல்களை விழுங்கிக்கொண்டது. 2006இல் நான்சி மேயர்ஸ் இயக்கிய தி ஹாலிடே படத்தில் ஓர் ஆங்கிலேயப் பெண்ணும் ஓர் அமெரிக்கப் பெண்ணும் இப்படித்தான் வீடு மாற்றிக்கொள்கிறார்கள். படத்தில் இருவருக்கும் காதல் கிடைக்கிறது. எனக்குக் கிடைத்தது கன்னட எழுத்துகள் எழுதிய சில டப்பாக்கள். அதைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம்மூரில் இப்படி ஒன்று ஏன் உருவாகவில்லை என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். முதல் காரணம் எளிது. நமக்கு விடுமுறை என்றால் பாட்டி வீடு. ஏப்ரல் பிறந்தால் மூட்டை கட்டிக்கொண்டு போய் இறங்க ஒரு வீடு எல்லோருக்கும் எங்கோ இருந்தது. ஸ்ரீரங்கத்து வீதிகளைத் தமிழ் வாசகர்கள் எல்லோருக்கும் சொந்த ஊராக்கிய சுஜாதாவே இங்கே பாட்டி வீட்டில் வளர்ந்தவர்தான். இரண்டாவது காரணம் சற்று ஆழமானது. வழிப்போக்கருக்கு இடம் தருவதில் நாம் குறைந்தவர்கள் அல்லர். திண்ணை என்பது வீட்டுக்காரர் தன் வீட்டிலிருந்து வீதிக்கு விட்டுக்கொடுத்த பகுதி. பெருவழிகளில் சத்திரங்கள் இருந்தன. இதே திருச்சிராப்பள்ளியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரை மக்கள் நினைவில் நிறுத்தியவை அவர் போட்ட சாலைகளும் கட்டிய சத்திரங்களும்தான். ஆனால் இவை அனைத்திலும் வீட்டுக்காரர் வீட்டில் இருக்கிறார். அல்லது அவருடைய ஆள் இருக்கிறார். திண்ணையில் படுத்தவருக்குக் கதவு திறப்பதில்லை. உள்ளே வந்த விருந்தாளியோ கூடத்தைத் தாண்டுவதில்லை. விருந்து என்ற சொல்லுக்கே புதுமை என்பது பழைய பொருள். புதியவர் வருவார், பழையவர் வரவேற்பார். பழையவரே இல்லாத வீட்டில் புதியவர் நுழைந்தால் அதற்கு நம்மிடம் பெயரில்லை. விருந்தோம்ப ஆளில்லாத விருந்து அது.

பெயரில்லை என்று எழுதிவிட்டேன். ஆனால் ஒரு சொல் இருக்கிறது என்பதும், அந்தச் சொல்லோடு நான் பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறேன் என்பதும் பின்னால்தான் உறைத்தது. புக்ககம். புகுந்த வீடு.

*

1994இல் திருமணமாகிச் சித்திரை வீதியில் உள்ள இந்த வீட்டுக்கு வந்தேன். ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், அடுக்களை, கிணற்றடி, கொல்லை என்று ரயில்பெட்டிகளைக் கோத்ததுபோல நீண்டு கிடக்கும் பழைய வீடு. என் மாமியார் நல்ல உயரம். நான் அப்படி இல்லை. அடுக்களை அலமாரியின் மேல்தட்டில் உளுந்தும் துவரம்பருப்பும், அதற்கும் மேலே உள்ள பரணில் ஊறுகாய் ஜாடிகளும் இருக்கும். டப்பாக்களில் எது எதில் என்று எழுதியிருக்காது. இடத்தை வைத்துத்தான் அறிய வேண்டும். வந்த முதல் வாரம் கடலைப்பருப்பு என்று எண்ணித் துவரம்பருப்பை எடுத்துக் கொடுத்ததைப் பத்து வருடம் கழித்தும் சிரிப்போடு சொல்லிக்கொண்டிருந்தார். கொடுமைக்கார மாமியார் இல்லை. அந்தக் கதை வேறு யாராவது எழுதட்டும். ஆனால் அந்த அலமாரி அவருடைய உயரத்துக்கானது. நான் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி இறங்கக் கற்றுக்கொண்டேன். 2019இல் அவர் பரமபதித்தார். அதன் பிறகும் நான்கு ஆண்டுகள் முக்காலியில் ஏறித்தான் உளுந்தை எடுத்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பெண் தன் இருபதுகளில் பிறர் வீட்டுக்குள் நுழைந்து, அந்த வீட்டு உப்பு எந்த மூலையில் இருக்கிறது என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் கற்று, ஒரு கட்டத்தில் அந்த வீடாகவே ஆகிவிடுவதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். முன்பின் அறியாதவர் வீட்டில் வாழ்வதா என்று வீடு மாற்றும் பழக்கத்தைக் கேட்டு ஆண்கள்தான் திடுக்கிடுகிறார்கள். பெண்கள் அவ்வளவு திடுக்கிடுவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். அவர்கள் கேட்கும் கேள்வி வேறு. திரும்பி வந்தால் நம் வீடு நமக்கு இருக்குமா?

*

திருவரங்கத்தில் இருந்துகொண்டு வீடு, வாசல், போக்கு, வரவு என்று யோசித்தால் பெருமாளிடம் வந்து நிற்காமல் முடியாது. ஏழு சுற்றுகளில் வெளிச்சுற்றுகள் நாங்கள் குடியிருக்கும் வீதிகள் என்பதால், ஒரு கணக்கில் நாங்கள் எல்லோருமே அவர் வீட்டில்தான் இருக்கிறோம். பள்ளிகொண்டிருக்கும் பெரிய பெருமாள் அசைவதில்லை. உற்சவரான நம்பெருமாளுக்கோ கால் ஓரிடத்தில் நிற்பதில்லை.

பங்குனி உற்சவம் முழுக்க அவர் பிறர் வீடுகளுக்குப் போய்வருகிற உற்சவம்தான். காவிரியின் தென்கரையில் மேற்கே உள்ள ஜீயபுரத்துக்கு எழுந்தருளுகிறார். அங்கே ஒரு பாட்டியின் கதை சொல்வார்கள். அரங்கம் போன பேரன் ரங்கன் வெள்ளத்தில் அகப்பட்டுக்கொள்ள, காத்திருந்த பாட்டிக்கு முன்னால் பெருமாளே பேரனாக வந்து உட்கார்ந்து அவள் போட்ட பழைய சோற்றைச் சாப்பிட்டாராம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே உண்மையான பேரன் வந்து நின்றான். இன்றும் அங்கே அவருக்குப் பழைய சோறும் மாவடுவும் அமுது செய்விக்கிறார்கள். அடுத்து ஆயில்யத்தன்று காவிரியைக் கடந்து உறையூர் போகிறார். சோழன் மகளாகப் பிறந்த கமலவல்லி நாச்சியாரின் வீடு அது. அவள் பிறந்த நட்சத்திரத்தில் அவளோடு சேர்த்தியில் இருந்துவிட்டு இரவு திரும்புகிறார். உத்திரத்தன்று தாயார் சன்னிதிக்கு வந்தால் கதவு சாத்தப்படுகிறது. உறையூர் போன விஷயம் ரங்கநாச்சியாருக்குத் தெரிந்துவிட்டது. கையில் இருந்த கணையாழி எங்கே என்று கேள்வி. வாழை மட்டையால் அடி விழுகிறது. நம்மாழ்வார் நடுவில் வந்து சமாதானம் செய்கிறார். பிறகுதான் சேர்த்தி. அந்தச் சேர்த்தியின் முன் நின்றுதான் ராமாநுஜர் கத்யத்ரயம் விண்ணப்பித்தார் என்பது மரபு.

ஆண்டுதோறும் பார்த்துப் பழகிய இந்த மட்டையடியில் ஒரு விஷயத்தை நான் வெகுநாள் யோசித்ததில்லை. ரங்கநாச்சியாரைப் படிதாண்டாப் பத்தினி என்கிறோம். அவள் தன் வீட்டை விட்டு வருவதில்லை. கமலவல்லியும் உறையூரை விட்டு வருவதில்லை. இரண்டு பெண்களும் அவரவர் வீட்டில் இருக்கிறார்கள். புகுந்த வீடுகளுக்குப் போய்ப் போய் வருகிறவர் அவர்தான். எங்கள் வீதிகளில் எந்த வீட்டிலும் நடக்காதது கோயிலில் நடக்கிறது.

*

எங்களுக்கு வாய்த்தது மைசூர் வீடு. அங்கே பணிபுரியும் ஒரு சிநேகிதி மூலம் தெரியவந்த ஓய்வு பெற்ற தம்பதி. மண்டயம் ஐயங்கார்கள். மேல்கோட்டையைச் சுற்றி நூற்றாண்டுகளாக வாழ்ந்து, வீட்டில் தமிழ் பேசி, கன்னடத்தில் எழுதுகிறவர்கள். பங்குனியில் பதினைந்து நாள் அரங்கத்தில் ஒரு வீட்டில் இருந்து உறையூர்ச் சேர்த்தியும் உத்திரச் சேர்த்தியும் சேவிக்க வேண்டும் என்பது அந்த மாமியின் ஆசை. லாட்ஜில் தங்கினால் அது வெளியூர்க்காரர்கள் வந்து போவதுதான், வாசலில் கோலம் போட்டுக் காத்திருக்க வேண்டும் என்றார். எங்களுக்கோ மேல்கோட்டை வைரமுடி சேவை பார்க்க வேண்டும் என்று பல வருட எண்ணம். அதுவும் பங்குனியில்தான். பூசத்தன்று இரவு அங்கே வைரமுடி. மறுநாள் ஆயில்யம், இங்கே உறையூர். ஒரே விடுமுறையில் இரண்டையும் சேவிப்பது கடினம். இருவருக்கும் மற்றவருடைய ஊர் வேண்டியிருந்தது. 2023 பங்குனியில் மாற்றிக்கொள்வது என்று பேசி முடித்தோம்.

நதியும் இதற்கு ஒப்புதல் தந்ததாக என் கணவர் சொன்னார். மைசூரை அடுத்த ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆதி ரங்கன், சிவசமுத்திரத்தில் மத்திய ரங்கன், இங்கே அந்திய ரங்கன். மூவரும் காவிரி நடுவே தீவுகளில் பள்ளிகொண்டிருப்பவர்கள். ஆற்றின் ஒரு முனை வீட்டுக்காரர் மறு முனைக்கு வருகிறார். நாங்கள் எதிர்த்திசையில் போகிறோம். இந்தப் பாதையில் எங்களுக்கு முன்னால் போனவர் ராமாநுஜர். சோழ நாட்டில் இருக்க முடியாமல் அரங்கத்தை விட்டுப் போய், ஹொய்சள நாட்டில் ஏறக்குறைய 12 ஆண்டுகள் இருந்தார் என்று குருபரம்பரை சொல்கிறது. அவருக்கு இருந்தது விடுமுறை இல்லை. ஆனாலும் புகுந்த ஊரில் ஒரு கோயிலை நிலைநிறுத்தி, அதற்கு ஒழுங்குகள் வகுத்துவிட்டுத் திரும்பினார்.

சிக்கல் கோயிலாழ்வாரில் வந்தது. எங்கள் வீட்டில் தலைமுறையாக ஆராதிக்கும் சாளக்கிராமங்கள் உண்டு. ஒரு நாளும் திருவாராதனம் நிற்கக் கூடாது. கேட்டால் அவர்கள் வீட்டிலும் அதே நிலை. மாமா தொலைபேசியில் சாதாரணமாகச் சொன்னார்: “உங்காத்துப் பெருமாளை நான் பார்த்துக்கறேன். எங்காத்துப் பெருமாளை நீங்க பார்த்துக்கோங்கோ.” அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு இந்த ஏற்பாட்டின் பொருள் விளங்கியது. கட்டடங்களை மாற்றிக்கொள்வது ஒன்றுமில்லை, அதற்கு இரண்டு சாவிகள் போதும். நாங்கள் மாற்றிக்கொண்டவை கடமைகள். அவர்கள் வீட்டு விளக்கை நான் ஏற்றவில்லையென்றால் அங்கே ஏற்ற யாருமில்லை. விருந்தாளிக்கு இந்தப் பொறுப்பு கிடையாது. விருந்தாளி தாமதமாக எழுந்திருக்கலாம்.

வீட்டுக் குறிப்புகளை எழுத உட்கார்ந்தபோது என் வீட்டைப் பற்றி எழுத எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். மோட்டார் எப்போது போடுவது, கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைத் தூக்கி இழுக்க வேண்டும், பால்காரர் மணி அடிக்கமாட்டார், முற்றத்தில் மழை வந்தால் எதை எல்லாம் நகர்த்துவது. அடுக்களை பற்றி மட்டும் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. டப்பாக்களின் இடங்களைப் படமாக வரைந்து, பக்கத்தில் முக்காலியையும் வரைந்து வைத்தேன்.

*

மைசூர் வீடு சிறியது, சுத்தமானது. அடுக்களையில் எல்லா டப்பாவிலும் பெயர் ஒட்டியிருந்தது, கன்னடத்தில். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்த்தேன். பியாடகி மிளகாய் சேர்த்து அரைத்த பொடிகளின் நிறம் என்னை ஏமாற்றியது. அவ்வளவு சிவப்புக்கு அவ்வளவு காரம் இருக்கும் என்று நினைத்துக் கொஞ்சமாகப் போட்டேன், சாற்றமுது சப்பென்று இருந்தது. மூன்றாம் நாள் கை பழகியது. 1994இன் முதல் வாரத்தை இருபத்தொன்பது வருடம் கழித்து இன்னொரு முறை வாழ்வதுபோல இருந்தது, ஒரு வித்தியாசத்தோடு. யாரும் பின்னால் நின்று பார்க்கவில்லை. தப்பு செய்தால் கதையாகப் போவதில்லை. பதினைந்து நாளில் திரும்பிப் போகப்போகிறேன். புதிய அடுக்களையில் தட்டுத்தடுமாறுவது இவ்வளவு சந்தோஷமான காரியமாக இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

வைரமுடியைச் சேவித்தோம். அந்த முடி கோயிலில் இருப்பதில்லை. மண்டியாவில் உள்ள அரசுக் கருவூலத்தில் பாதுகாப்பாக இருக்கிறது. காவலோடு மேல்கோட்டைக்கு வந்து, இரவில் கருட வாகனத்தில் எழுந்தருளும் செல்வப்பிள்ளையின் திருமுடியில் ஏறி, மீண்டும் கருவூலத்துக்குப் போய்விடுகிறது. அந்த மக்கள் வெள்ளத்தில் நிற்கும்போது பக்கத்தில் இருந்தவர்கள் பேசிய தமிழ் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. செல்வப்பிள்ளையின் திருவடியில் பீபி நாச்சியார் இருக்கிறார். டெல்லிப் பாதுஷாவின் மகள், பெருமாளைப் பிரிய மாட்டாமல் பின்தொடர்ந்து வந்தவள் என்று கதை. அரங்கத்தில் அவளையே துலுக்க நாச்சியார் என்கிறோம், அவளுக்காகப் பெருமாள் ரொட்டி அமுது செய்கிறார், கைலி உடுத்துகிறார். யார் வீட்டில் போய் இருந்தாரோ அந்த வீட்டுப் பழக்கத்தில் ஒன்று அவரோடு கூட வந்துவிட்டது. ஜீயபுரத்தில் பழைய சோறு, இங்கே ரொட்டி.

மறுநாள் இரவு மாமி உறையூரிலிருந்து திரும்பியதும் கூப்பிட்டார். கூட்டத்தில் சேர்த்தி சேவித்த கதையை மூச்சுவிடாமல் சொன்னார். கடைசியில் கேட்டார்: “உங்க மாமியார் ரொம்ப உசரமோ?”

“ஆமாம், மாமி. எப்படித் தெரிஞ்சது?”

“அலமாரியைப் பார்த்தாலே தெரியறதே. நான் உங்களை மாதிரிக் குள்ளம். நித்தியப்படி சாமானை எல்லாம் கீழ்த்தட்டுக்கு இறக்கிண்டுட்டேன். போறச்சே திரும்ப மேலே வெச்சுடறேன்.”

என்ன சொல்வது என்று தெரியாமல் ஒரு நிமிடம் இருந்தேன். பிறகு, “வேண்டாம் மாமி, அப்படியே இருக்கட்டும்” என்றேன்.

*

கோயிலொழுகு சொல்லும் வரலாற்றில் என்னை அதிகம் பாதித்த பகுதி 1323க்கும் 1371க்கும் இடைப்பட்ட காலம். டெல்லிப் படை அரங்கத்தில் புகுந்தபோது பிள்ளை உலகாசிரியர் முதலானவர்கள் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே போனார்கள். உலகாசிரியர் மதுரைக்கருகே ஜ்யோதிஷ்குடியில் பரமபதித்தார். பெருமாள் ஊர் ஊராகப் போய், திருமலையில் நெடுங்காலம் இருந்தார். அங்கே இன்றும் ரங்கநாயக மண்டபம் இருக்கிறது. விஜயநகரத் தளபதி கோபணர் 1371இல் அவரை அரங்கத்துக்குத் திரும்ப அழைத்து வந்தார்.

48 ஆண்டுகள். அதற்குள் இங்கே இன்னோர் உற்சவரை எழுந்தருளப் பண்ணி வழிபாடு நடந்துகொண்டிருந்தது. பழையவர் திரும்பி வந்து நிற்கிறார். அவரை நேரில் அறிந்தவர் என்று யாரும் மிஞ்சவில்லை. கண் தெரியாத ஒரு வயோதிக வண்ணார், இருவரின் திருமஞ்சன ஈர ஆடைத் தீர்த்தத்தையும் சுவைத்துப் பார்த்து, ஒருவரைக் குறித்து இவரே நம்பெருமாள் என்றாராம். அந்தப் பெயரே நிலைத்தது.

இந்தக் கதையை இங்கே நிறுத்திவிடுவது வழக்கம். நான் கேட்க விரும்புவது மற்றவரைப் பற்றி. உண்மையானவர் வந்துவிட்டபின், அதுவரை வீட்டைப் பார்த்துக்கொண்டவர் என்ன ஆனார்? அவரை அனுப்பவில்லை. திருவரங்க மாளிகையார் என்று பெயரிட்டுக் கர்ப்பகிருகத்திலேயே வைத்துக்கொண்டார்கள். உற்சவ காலங்களில் யாகசாலைக்கு எழுந்தருளுகிறவர் அவர்தான். பெயரைக் கவனிக்க வேண்டும். ஊர் சுற்றி வந்தவர் நம்முடைய பெருமாள். வீட்டில் இருந்தவர் மாளிகையார். வீட்டின் பெயர், வீட்டில் இருந்து கடமை செய்தவருக்குப் போனது.

நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டில் அடைபட்ட வாசனை இல்லை. மாமி காலையில்தான் கிளம்பியிருந்தார். கோலம் இன்னும் கலையாமல் இருந்தது, எங்கள் வழக்கப் புள்ளிக்கோலம் இல்லை, வேறு ஏதோ. அடுக்களையில் உளுந்தும் பருப்பும் என் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தன. ஒவ்வொரு டப்பாவிலும் சிறிய காகிதம் ஒட்டி அதன் பெயரை எழுதியிருந்தார். தமிழ்ப் பெயர்கள், கன்னட எழுத்தில். அவருக்கு எழுதத் தெரிந்த லிபி அதுதானே. முக்காலி கிணற்றடிக்குப் போயிருந்தது, அதன்மேல் ஒரு துளசித் தொட்டி.

அன்று அந்த அலமாரி முன்னால் சிறிது நேரம் நின்றுகொண்டிருந்தேன். மாமியாருடைய அலமாரி கலைந்துவிட்டதே என்ற வருத்தம் வரவில்லை. அவருக்குப் பின் நான்கு ஆண்டுகள் நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான், என்னுடையதாக ஆக்கிக்கொள்ளவில்லை. அதை எனக்குத் தந்தவர் பதினைந்து நாள் வந்துபோன ஒருவர். புகுந்த வீட்டை என் வீடாக்க வேற்றுவீட்டுக்காரர் ஒருவர் வேண்டியிருந்தது. வீட்டை மாற்றிக்கொள்வதில் ஊர் பார்ப்பது, செலவு மிச்சமாவது எல்லாம் இரண்டாம் பட்சம் என்று எனக்குத் தோன்றக் காரணம் இதுதான். இதில் இருவரும் புகுகிறார்கள், இருவரும் திரும்புகிறார்கள். நமக்குத் தெரிந்த பழைய புக்ககத்தில் ஒருவர்தான் புகுவார், அவர் திரும்புவதில்லை.

*

இதை எழுதிவிட்டு முடித்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாம் இவ்வளவு இலகுவாக நடந்ததற்கு ஒரு காரணம், அவர்களும் எங்களைப் போன்றவர்களாக இருந்தது. அதே திருமண், அதே தளிகை, அதே கோயிலாழ்வார். திண்ணையும் சத்திரமும் எல்லோருக்கும் ஒரே மாதிரித் திறந்திருக்கவில்லை என்பது நாம் அறிந்ததுதான். நம்மைப் போன்றவருக்குச் சாவியைக் கொடுப்பதில் நம்பிக்கைக்குப் பெரிய வேலை இல்லை.

அடுத்த ஆண்டு என்னோடு படித்த ஒரு தோழி கேட்டாள். புதுச்சேரியில் ஆசிரியை, கிறிஸ்தவக் குடும்பம். அவளுடைய அப்பா இளமையில் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர். லூர்து மாதா கோயிலில் ஒரு கிறிஸ்துமஸ் பூசை பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், ஒரு வாரம் வீட்டை மாற்றிக்கொள்வோமா என்றாள். வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. உறவில் பெரியவர்கள் பலவிதமாகச் சொன்னார்கள். அடுக்களைப் பாத்திரங்களை எடுத்து உள்ளே பூட்டிவிடு என்பது அவற்றில் மிதமானது.

காவிரிக்கு அந்தப் பக்கம் உறையூரில் பாணர் குடியில் வளர்ந்தவர் திருப்பாணாழ்வார். அவரால் அரங்கத்துக்குள் வர முடியாது. அக்கரையில் நின்று பாடினார். பெருமாள் சொல்லி லோகசாரங்கர் தன் தோளில் சுமந்து உள்ளே கொண்டுவந்தார் என்பதை நாங்கள் பெருமையோடு சொல்கிறோம். தோளில் சுமந்ததைக் கொண்டாடுகிற ஊரில், வாசல்படியில் நின்று பாத்திரத்தைப் பூட்டுவது எப்படி என்று கணவரிடம் கேட்டேன். அவர் வெகு நேரம் கழித்து, பெருமாளை நாம் கூடவே எழுந்தருளப் பண்ணிக்கொண்டு போவோம், மற்றதெல்லாம் இருந்தபடி இருக்கட்டும் என்றார். 1323இல் போனவர்தானே, புதுச்சேரிக்கு வரமாட்டாரா?

வீட்டில் மாமிசம் சமைக்க வேண்டாம் என்ற ஒன்றை மட்டும் தோழியிடம் சொன்னேன். சொல்லாமலே தெரியாதா என்று சிரித்தாள். பிறகு, “எங்க வீட்ல நீங்க என்ன வேணும்னாலும் சமைச்சுக்கலாம்” என்றாள். நான் கேட்டது ஒரு நிபந்தனை, அவள் கேட்டது ஏதுமில்லை. தராசு சமமாக நிற்கவில்லை. சமமாக்க என்ன செய்வது என்பது எனக்கு இன்னும் புலப்படவில்லை. ஆனால் அந்த 2024 டிசம்பரில் அவள் அப்பா மார்கழிக் காலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வீதியில் போன திருப்பாவை கோஷ்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மாலையில் ஆற்றைக் கடந்து லூர்து மாதா கோயிலுக்குப் போயிருக்கிறார். இரண்டு கரையும் அவருக்கு ஒரே விடுமுறையில் கிடைத்திருக்கிறது. நாங்கள் கடற்கரை வீட்டில் அவர்கள் வாங்கி வைத்திருந்த புது வெண்கலப் பானையில் சர்க்கரைப் பொங்கல் செய்து எங்கள் பெருமாளுக்கு அமுது செய்வித்தோம். எங்களுக்காகவே புதிதாக வாங்கியிருந்தாள். கேட்டதற்கு, பழைய பாத்திரத்தில் செய்ய உனக்குச் சங்கடமாக இருக்கும் என்றாள்.

திரும்பி வந்தபோது அலமாரியில் ஒரு மாற்றம் இருந்தது. கன்னடக் காகிதங்களின் கீழே தோழி தமிழிலும் எழுதி ஒட்டியிருந்தாள். படிக்கத் தெரியாமல் அவளும் ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்த்திருக்க வேண்டும். இரண்டு வரிசையையும் ஒப்பிட்டு இப்போது கன்னடம் கற்றுக்கொண்டு வருகிறேன். இதுவரை பருப்பு வகைகள் முடிந்திருக்கின்றன.